தொண்ணூற்றேழு பேரும் என் அத்தையும்

என்னிடம் ஒரு சீஆர் கொப்பி இருக்கிறது. 2003இல் வெள்ளவத்தையில் வாங்கியது. அதில் 1 முதல் 97 வரை இலக்கமிட்டிருக்கிறேன். 41 வரை நிரம்பியிருக்கிறது. ஒவ்வோர் இலக்கத்துக்கும் எதிரே ஓர் உயிரின் கதி. எல்லாம் நான் கற்பனை செய்து எழுதியவை. அதே கொப்பியின் பின்னட்டைக்குள் ஒரு கடிதம் இருக்கிறது. நீலகிரியிலிருந்து என் அத்தை ஆள் பிடித்து எழுதுவித்த கடிதம். அதற்கு இருபது வருடம் நான் பதில் போடவில்லை. பதில் போட்டுவிட்டதாக அப்பாவிடம் பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பிக்கொண்டே அவர் செத்துப்போனார்.

அந்தத் தொண்ணூற்றேழு பேர் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டார் டிரெக் வரிசையில் 'டீப் ஸ்பேஸ் நைன்' என்றொரு தொலைக்காட்சித் தொடர். 1993 ஜனவரியில் தொடங்கி 1999 ஜூனில் முடிந்தது. ஏழு பருவங்கள். விண்வெளி நிலையமொன்றில் பாதுகாப்பு அதிகாரியாக இருப்பவன் ஓடோ. ரெனே ஓபர்ஜொன்வா என்ற நடிகர் அந்த வேடத்தில் வாழ்ந்தார். ஓடோவுக்குச் சொந்த உருவம் கிடையாது. அவன் திரவம். மேசையாவான், பறவையாவான், மனிதனாவான். ஆனால் பதினாறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பழைய நிலைக்குக் கரைந்தே ஆகவேண்டும். அதற்கென்று ஒரு வாளி வைத்திருப்பான்.

விண்வெளியில் அநாதையாக மிதந்தபோது அவனைக் கண்டெடுத்தார்கள். ஆய்வுகூடத்துப் பாத்திரத்தில் ஊற்றி வைத்து, இன்னதென்று தெரியாத பொருள் என்று சீட்டு ஒட்டினார்கள். அந்தச் சீட்டின் மொழிபெயர்ப்பிலிருந்துதான் அவன் பெயரே வந்தது. 'ஒன்றுமில்லாதது' என்று அதற்கு அர்த்தம். மனித முகம் அவனுக்குக் கடைசிவரை சரியாக அமையவில்லை. காதும் மூக்கும் வழுவழுவென்று, பாதி வேலையில் விட்ட மண் பொம்மை மாதிரி இருக்கும்.

மூன்றாம் பருவத்தில் ஓடோ தன் இனத்தைக் கண்டுபிடிக்கிறான். அவர்களுடைய உலகத்தில் எல்லோரும் ஒரே கடலாகக் கலந்து கிடக்கிறார்கள். அந்தக் கடல்தான் ஒருகாலத்தில் நூறு குழந்தைகளை விண்வெளியெங்கும் அனுப்பி வைத்தது. போய் உலகங்களைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பியது. ஓடோ அந்த நூறில் ஒருவன். இன்னும் முந்நூறு வருடம் கழித்துத்தான் உன்னை எதிர்பார்த்தோம் என்கிறார்கள் அவனிடம்.

அந்த நூறு பேரில் மூன்று பேரின் கதையைத்தான் தொடர் காட்டியது. ஒருவன் ஓடோ. இன்னொன்று நோயோடு வந்த ஒரு கைக்குழந்தை. ஓடோவின் கையிலேயே அது செத்து, அவன் உடம்புக்குள் கலந்துபோகிறது. மூன்றாவது ஆள் லாஸ். 1999இல் வந்த 'கைமிரா' என்ற அத்தியாயத்தில் வருகிறான். வா, மற்றவர்களைத் தேடிப் போவோம் என்று ஓடோவைக் கூப்பிடுகிறான். ஓடோ போகவில்லை. லாஸ் தனியே போகிறான். அவன் யாரைக் கண்டான், யாரைக் காணவில்லை என்று அந்தத் தொடர் சொல்லவே இல்லை. மிச்சம் தொண்ணூற்றேழு பேர்.

இனி என் ஊரைச் சொல்கிறேன். இதைச் சொல்ல எனக்கு முப்பது வருடம் ஆகியிருக்கிறது.

நான் லுணுகலையில் பிறந்தவன். பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்கு இறங்கும் பாதையில் இருக்கும் சின்ன டவுன் அது. டவுனில்கூட நான் பிறக்கவில்லை. ஹொப்டன் தோட்டத்தில், லயத்துக் காம்பரா ஒன்றில் பிறந்தேன். அம்மா கொழுந்தெடுத்தார். அப்பா கவ்வாத்து வெட்டினார். இஸ்தோப்பில் அடுப்பு, பீலியில் குளியல். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த ஒரு வரியை எழுத முடியாமல்தான் இத்தனை காலத்தைப் பாழாக்கினேன்.

அத்தை, அப்பாவின் தங்கை. 1982இல் இந்தியா போனார். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் தோட்டத்துச் சனத்தை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் எங்களை எண்ணிப் பங்கு பிரித்தது. மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாக எழுபத்தையாயிரம் என்று பிரித்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. மாமா குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போட் வந்தது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள்.

அவர்கள் போகும்போது எனக்கு ஆறு வயது. அத்தை தன் ஆட்டை எங்கள் காம்பரா வாசலில் கட்டிவிட்டுப் போனார். பதுளை ஸ்டேசன், தலைமன்னார், கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம். பிறகு நீலகிரி. அங்கும் தேயிலைதான். இரண்டு வருடத்தில் யுத்தத்தால் கப்பல் நின்றது. அதன் பிறகு கடிதம் மட்டுமே.

எழுதப் படிக்கத் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கடிதங்களுக்கு நான்தான் வாயும் கையும். நீலநிற ஏரோகிராமை அப்பா பிரட்டுக் களத்திலிருந்து வாங்கி வருவார். சட்டைப் பையில் வைத்து, பின்னேரம் முகம் கழுவிவிட்டுத்தான் என்னிடம் தருவார். நான் விளக்கடியில் வாசிப்பேன். அங்கே அத்தையைச் 'சிலோன்காரி' என்கிறார்களாம். இங்கே எங்களை 'இந்தியாக்காரன்' என்றார்கள். அத்தை எல்லாக் கடிதத்திலும் அந்த ஆட்டைக் கேட்பார். அது செத்த பிறகு அதன் குட்டியைக் கேட்டார். குட்டியின் குட்டியைக் கேட்டார். அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். கடைசியில் என் பெயரையும் எழுதி, 'உங்கள் மருமகன்' என்று போடுவேன்.

படித்து, கொழும்புக்கு வேலைக்குப் போனேன். வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவரின் வீட்டில் போர்டிங். முதல் நாள் சாப்பாட்டு மேசையில் அவர் கேட்டார்.

"தம்பிக்கு எந்த ஊர்?"

"பதுளை."

"பதுளையிலை ரவுணோ?"

"ஓம்."

அந்த 'ஓம்' என் வாயில் வந்த முதல் 'ஓம்'. அதற்கு முன் நான் 'ஆமாங்க' என்று சொல்லி வளர்ந்தவன். அன்ரி நல்ல மனுஷி. எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தந்தவர். அவரோ, அந்த வீட்டில் இருந்த மற்ற யாருமோ என்னைத் தோட்டக்காட்டான் என்று சொன்னதில்லை. நான்தான் பயந்தேன். யாரும் கேட்காத பொய்யை நானாக எடுத்து வைத்தேன். அப்பாவுக்கு டவுனில் கடை என்றேன். 'பேசுறேன்' என்பதைக் 'கதைக்கிறன்' என்று மாற்றினேன். 'அங்கிட்டு', 'ஒசக்க', 'கீழக்க' எல்லாவற்றையும் நாக்கிலிருந்து பொறுக்கி எறிந்தேன். ஓடோவின் தொடரில் உருமாறிகளைக் கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனை செய்வார்கள். உடம்பை விட்டு வெளியே வந்தால் அந்த இரத்தம் பழைய திரவமாகிவிடும். எனக்கும் அப்படியொரு பரிசோதனை இருந்தது. திடுக்கிட்டால் 'ஆத்தாடி' என்று வந்துவிடும். அதனால் திடுக்கிடாமல் இருக்கப் பழகினேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரைக்குப் போவேன். தோட்டத்துக் கடைக்குப் போன் எடுத்து அம்மாவைக் கூப்பிடச் சொல்வேன். அலைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. அங்கே நின்றுதான் என் பேச்சைப் பேசினேன். பத்து நிமிடம். அதுதான் என் வாளி.

அந்தக் காலத்தில்தான் ஓடோவைக் கண்டேன். கொப்பி பண்ணிய டிஸ்க்குகள் கடையில் மலிவாகக் கிடைத்தன. இரவில் எல்லோரும் படுத்த பிறகு பார்ப்பேன். ஓடோவின் அரைகுறை முகத்தைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. அந்தத் தொண்ணூற்றேழு பேரின் யோசனை வந்த இரவு தூங்கவில்லை. மறுநாள் கொப்பி வாங்கினேன்.

முதலாமவன் ஒரு சந்திரனில் கல்லாகக் கிடக்கிறான் என்று எழுதினேன். ஏழாவது ஆள் மீனாகி, ஒரு மீன் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறாள். பத்தொன்பதாமவனை ஒரு கிழவி வளர்க்கிறாள். தான் வேறொரு பிறவி என்பது அவனுக்குத் தெரியாது. கிழவிக்குத் தெரியும், சொல்லவில்லை. இப்படி நாற்பத்தொரு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம், சிலருக்கு மூன்று பக்கம். அவர்களை யாரும் தேடவில்லையே என்று உண்மையாகவே துக்கப்பட்டேன். லாஸோடு போகாத ஓடோ மீது கோபப்பட்டு, முன்பக்கத்தில் ஒரு வரி எழுதினேன்: 'ஓடோ, நீ போயிருக்க வேண்டும்.' சிவப்பு மையில் எழுதியது. இன்னும் இருக்கிறது.

2003 தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். அந்த வருடம்தான், மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுக்கும் 35ஆம் இலக்கச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அப்பா அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அலமாரிக்கு மேலிருந்து அத்தையின் கடிதத்தை எடுத்துத் தந்தார். நான் வாசித்தேன்.

அத்தைக்கு வேலையிலிருந்து ஓய்வு வரப்போகிறது. வேலை முடிந்தால் லைன் வீட்டை விடவேண்டும். திருப்பூரில் மகளோடு போய் இருக்கலாமா என்று யோசிக்கிறார். எங்கே போனாலும் புது விலாசம் எழுதுவார். அதற்கு முன் அண்ணன் கடுதாசி வந்துவிட்டால் நல்லது. கடைசியாக ஒரு கேள்வி. ஆத்தா செத்த திதி என்ன? நாங்கள் எழுதித்தான் இருந்தோம். அந்தக் கடிதம் மழையில் நனைந்து கிழிந்துபோனதாம். வருடாவருடம் ஒரு படையல் போடவேண்டும், சரியான நாள் தெரியவேண்டும்.

"கொழும்புலருந்து போட்டா சீக்கிரம் போகும். நீயே எழுதிப் போட்டுடுப்பா" என்றார் அப்பா.

கடிதத்தை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு வந்தேன். எழுத வேண்டியது ஒரேயொரு வரி. அந்தத் திதி எனக்கு மனப்பாடம். ஆனால் அனுப்புநர் விலாசம் எழுதவேண்டுமே. ஹொப்டன் தோட்டம், லுணுகலை என்று என் கையால் எழுதிய கவரை மேசையில் வைக்க எனக்குத் துணிவில்லை. போர்டிங் விலாசம் கொடுத்தால், தேயிலைத் தோட்டத்து முத்திரையோடு பதில் அன்ரியின் கைக்கு வரும். அடுத்த கிழமை எழுதலாம் என்று கொப்பியின் பின்னட்டைக்குள் வைத்தேன். அன்றிரவு இருபத்திரண்டாமவனின் கதையை எழுதினேன்.

தைப்பொங்கலுக்குப் போனபோது அப்பா கேட்டார்.

"போட்டியாப்பா?"

"போட்டுட்டேன்ப்பா."

அவ்வளவுதான் நடந்தது. யாரும் என்னை மிரட்டவில்லை. நேரமில்லாமல் போகவுமில்லை. முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய்.

அத்தையிடமிருந்து புது விலாசம் வரவில்லை. ஒருவேளை என் பதிலுக்காகக் காத்திருந்து, கோபித்துக்கொண்டு விட்டாரோ என்னவோ. அப்பா ஒரு வருடம் கேட்டார். இரண்டு வருடம் கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்தினார். சாவதற்கு முதல் வருடம் இஸ்தோப்பில் உட்கார்ந்து, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்: "அவ நம்மள மறந்துட்டாடா." நான் பக்கத்தில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. மறக்காத ஒருத்தியை மறந்தவளாக்கி, அப்பாவை அந்த மனக்குறையோடு 2011இல் மண்ணுக்குள் அனுப்பினேன். என் குற்றம் இதுதான். பேச்சை மாற்றியதுகூட இதற்கு முன் சின்ன விஷயம்.

அதோடாவது நான் திருந்தவில்லை. 2012இல் குடிசன மதிப்பீடு நடந்தது. 1981க்குப் பிறகு நாடு முழுவதற்குமாக நடந்த முதல் கணக்கெடுப்பு. எங்கள் வாடகை வீட்டுக்கு உத்தியோகத்தர் வந்தபோது மனைவியின் யாழ்ப்பாணத்துச் சித்தப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். இனம் என்ன என்று கேட்டார்கள். 'இலங்கைத் தமிழர்' என்றேன். நான் இங்கே பிறந்தவன், ஏன் என்னை இந்தியன் என்று எழுதவேண்டும் என்று உரிமையோடு அப்படிச் சொன்னவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நான் அந்த நியாயத்துக்காகச் சொல்லவில்லை. சித்தப்பாவுக்காகச் சொன்னேன். மனைவிக்கு உண்மை தெரியும். அவள் குனிந்துகொண்டாள்.

1971இன் கணக்கில் இந்தியத் தமிழர் ஏறக்குறைய 11,74,000 பேர். 1981இல் 8,18,000. கப்பல் ஏறியவர்கள் போன பள்ளம் அது. 2012இல் 8,39,504. முப்பது வருடத்தில் இருபதாயிரம் சொச்சம்தான் கூடியிருக்கிறது. எத்தனை பிள்ளைகள் பிறந்தார்கள், எங்கே போனார்கள் எல்லோரும்? சிலர் எங்கே போனார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த 8,39,504 என்ற எண்ணில் ஒன்று குறைகிறது. அந்த ஒன்று நான்.

1962இல் வந்த 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' சித்திரக்கதையின் இரண்டாம் இதழில் ஸ்க்ரல் என்ற உருமாறும் வேற்றுக்கிரகவாசிகள் முதன்முதலாக வருகிறார்கள். கதை முடிவில் அவர்களைப் பசுமாடுகளாக மாறச் செய்து, தாங்கள் யாரென்பதையே மறக்கும்படி வசியம் செய்துவிடுகிறார்கள். அவர்கள் புல்வெளியில் நிம்மதியாக மேய்கிறார்கள். எனக்கு அந்த நிம்மதி கூடக் கிடைக்கவில்லை. நான் எதையும் மறக்கவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டே மேய்ந்தேன்.

எங்கள் பதுளை மண்ணிலிருந்து வந்தவர்தான் எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப். ஊவாத் தோட்டமொன்றில் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்து, அந்தத் தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார். 2013இல் அவருக்கு விஷ்ணுபுரம் விருது கொடுத்தார்கள். அவரும் கொழும்பில் வாழ்ந்தவர்தான். தோட்டத்தின் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டே வாழ்ந்தார். 2022இல் அவர் இறந்த செய்தியைப் பேப்பரில் படித்தபோது, துக்கத்தை விட வெட்கம்தான் முதலில் வந்தது. அவர் தலைநிமிர்ந்து சொன்னதை நான் கவரின் முதுகில்கூட எழுதத் துணியவில்லை.

2023இல் 'ஸ்டார் டிரெக்: பிக்கார்ட்' தொடரின் மூன்றாம் பருவம் வந்தது. உருமாறிகள் திரும்பி வந்தார்கள். ஓடோவாக நடித்தவர் 2019இலேயே காலமாகிவிட்டார். இந்தப் புது உருமாறிகளை இரத்தப் பரிசோதனையாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த அளவுக்கு வேடம் உடம்போடு ஒட்டிவிட்டது. அந்தத் தொண்ணூற்றேழு பேரைப் பற்றி ஏதாவது சொல்வார்களா என்று கடைசி அத்தியாயம் வரை காத்திருந்தேன். சொல்லவில்லை. அதே ஆண்டில்தான் எங்கள் சனம் இந்த நாட்டுக்கு வந்து இருநூறு வருடமானதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அத்தை கப்பலேறிய அதே தலைமன்னார். முன்னோர்கள் வந்து இறங்கிய வழியே, செத்து விழுந்த காட்டுப்பாதையை நினைத்து நடந்தார்கள். நான் அதைத் தொலைபேசித் திரையில் பார்த்தேன். பிறகு எழுந்துபோய்க் கொப்பியைத் தேடி எடுத்தேன்.

நாற்பத்தொரு கற்பனைக் கதைகளுக்குப் பின்னால் அத்தையின் கடிதம் மடித்தபடியே இருந்தது. கற்பனை மனிதர்களுக்கு நான் பக்கம் பக்கமாக இரங்கியிருக்கிறேன். அதில் செலவு இல்லை. அவர்கள் யாரும் கவரின் பின்பக்கத்தில் விலாசம் எழுதச் சொல்லவில்லை. இரத்த உறவு ஒரு வரி கேட்டது. கதையில் வந்தவர்கள் மீது எனக்கிருந்தது அன்புதான். ஆனால் அந்த அன்புக்குப் பின்னால்தான் நான் ஒளிந்திருந்தேன்.

அன்றே அத்தைக்கு எழுதினேன். அனுப்புநர் இடத்தில் என் பெயர், ஹொப்டன் தோட்டம், லுணுகலை. கவரைத் தபாற்கந்தோர் மேசையில் எல்லோரும் பார்க்கும்படி வைத்து முத்திரை ஒட்டினேன். மூன்று மாதம் கழித்து, அப்படி யாரும் இங்கில்லை என்ற குறிப்போடு தோட்டத்துக்குத் திரும்பி வந்தது. அத்தை இருந்தால் இப்போது எண்பதைத் தாண்டியிருப்பார். திருப்பூரோ, கூடலூரோ, எந்த ஊரோ தெரியாது. தேடிக்கொண்டிருக்கிறேன்.

இதை வாசிக்கிறவர்களில் கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகள் இருக்கலாம். போகாமல் தங்கியவர்களின் பிள்ளைகளும் இருக்கலாம். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பதில் போடாத கடிதம் ஒன்று இருந்தால், இன்றைக்கே போடுங்கள். நாளைக்கு என்று வைத்தால் விலாசம் செத்துவிடும். கோத்தகிரியிலோ வால்பாறையிலோ, லுணுகலையில் அண்ணனை விட்டுவந்த ஒரு கிழவி, அண்ணன் தன்னை மறந்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டிருந்தால் அவரிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். அண்ணன் மறக்கவில்லை. பதில் போடாதது மருமகன்.

அத்தை, நீங்கள் கேட்டதற்குப் பதில் இது. அப்பாயி செத்தது 1994 ஐப்பசி மாதம், தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால். தேய்பிறை ஏகாதசி.